சூரத்தின் சிறு பட்டறைகளும் ‘புதிய சந்தை’ என்னும் மருந்தும்

பொருளாதார மந்தம் தலைதூக்கும்போதெல்லாம் சிறுதொழில் நடத்துவோருக்கு ஒரே மருந்துச்சீட்டுதான் எழுதித் தரப்படுகிறது. பெரு நிறுவனங்கள் இன்னும் நுழையாத ஒரு சிறு சந்தையைத் தேடுங்கள், அதற்கேற்பத் தொழிலை மாற்றிக்கொள்ளுங்கள் என்பதே அது. மாறாதவன் அழிந்தால் குற்றம் அவனுடையது. இம்மருந்தை முழுமையாக உட்கொண்டு, சொன்னபடியே மாறிக்காட்டிய நகரம் ஒன்று உண்டு. அது சூரத்.

உலகில் பட்டை தீட்டப்படும் வைரங்களில் பத்துக்கு ஒன்பது இந்தியாவில் தீட்டப்படுகின்றன. அவற்றில் மிகப் பெரும்பகுதி சூரத்தில். வராச்சா, கதார்காம் பகுதிகளின் சந்துகளில் பட்டறையின் அளவைக் ‘கண்ட்டி’ கணக்கில்தான் சொல்வார்கள். கண்ட்டி என்பது சாணைச் சக்கரம். ஒன்றைச் சுற்றி நால்வர் அமர்ந்து வேலை செய்வர். சிறு பட்டறை உரிமையாளர் பலர், அம்ரேலி, பாவ்நகர் மாவட்டங்களிலிருந்து வந்து அதே சக்கரத்தின் முன் அமர்ந்திருந்தவர்களே. கல் அவர்களுடையதன்று. சுரங்க நிறுவனங்களிடம் கல் வாங்கும் பெருவணிகர்கள் தருவதைத் தீட்டிக்கொடுத்துக் கூலி பெறுகிறார்கள்.

2022இல் உக்ரைன் போரை ஒட்டி ரஷ்யாவின் அல்ரோசா நிறுவனத்தின் மீது அமெரிக்கா தடை விதித்தது. அதே காலத்தில் அமெரிக்காவிலும் சீனாவிலும் நகை வாங்குவோர் குறைந்தனர். கல் வரத்தும் தேவையும் ஒருசேரச் சுருங்கியபோது, சிறு பட்டறைகள் ஆய்வுக்கூட வைரத்துக்குத் திரும்பின. மீத்தேன் வாயுவைக் கொண்டு சில வாரங்களில் உலையில் வளர்க்கப்படும் கல் அது. தீட்டும் சக்கரம் அதேதான், கைத்திறனும் அதேதான். அரசும் துணைநின்றது: 2023-24 நிதிநிலை அறிக்கை, அக்கல்லை வளர்க்கப் பயன்படும் வித்துக்கான சுங்க வரியை நீக்கியது, 2023 ஜூனில் பிரதமர் அமெரிக்க அதிபரின் மனைவிக்கு 7.5 காரட் ஆய்வுக்கூட வைரத்தைப் பரிசளித்தார். ஒரு புதிய சந்தைக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் வேறென்ன வேண்டும்?

ஆனால் உலை சிறு பட்டறைக்காரன் வாங்கக்கூடிய பொருளன்று. வாங்க முடிந்தவர்கள் சூரத்திலும் சீனாவிலும் வாங்கிக் குவித்தனர். கல் பெருகப் பெருக விலை வீழ்ந்தது. 2018இல் காரட் 800 டாலர் என்று விலை வைத்துத் தன் ஆய்வுக்கூட வைர நகைப் பிரிவைத் தொடங்கிய டி பியர்ஸ், 2025இல் அதையே மூடுவதாக அறிவித்தது. மலிவான புதிய கல், இயற்கை வைரத்தின் விலையையும் கீழே இழுத்தது. அடைக்கலம் தேடிப்போன சந்தை, விட்டுவந்த சந்தையையும் அரித்தது.

மேலாண்மை நூல்கள் இத்தகைய சிறு சந்தைக்கு வழங்கும் ஆங்கிலச் சொல்லின் பழைய பொருள், சுவரில் குடைந்த மாடம். நம் வீடுகளில் விளக்கு வைக்கும் மாடம்தான். பொருத்தமான சொல்லே. ஆனால் சுவர் யாருடையது என்ற கேள்வியை அந்நூல்கள் எழுப்புவதில்லை.

மாற்றத்தின் செலவு எங்கே இறங்கியது என்பதையும் பார்க்க வேண்டும். சூரத்தில் பெரும்பாலும் கல்லுக்கு இவ்வளவு என்று எண்ணிக்கைக் கூலி. வேலை குறைந்தால் ஆட்குறைப்பு என்று யாரும் அறிவிக்க வேண்டியதில்லை. தட்டில் கற்கள் குறைகின்றன, அவ்வளவே. தீபாவளி விடுமுறை நீள்கிறது. 2024 ஜூலையில் அங்குள்ள வைரத் தொழிலாளர் சங்கம் தற்கொலைத் தடுப்புக்கென ஒரு தொலைபேசி எண்ணைத் தொடங்க நேர்ந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 27இல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவிகிதமாக்கியது.

இயக்கத்திற்குள் இதைப் பற்றி இரு எளிய பதில்கள் உலவுகின்றன. சிறு உற்பத்தியாளர் அழிவது முதலாளித்துவத்தின் விதி, அதில் தலையிட என்ன இருக்கிறது என்பது ஒன்று. ஏகபோகத்திற்கு எதிராக அவரும் தொழிலாளியும் ஒரே அணி, எனவே கூலிப் பிரச்சினையை இப்போது எழுப்ப வேண்டாம் என்பது மற்றொன்று. முதலாவது சோம்பலின் விளைவு. விதியை மேற்கோள் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டால், நொடிந்த பட்டறைக்காரரைச் சாதி, மதத்தின் பெயரால் அணிதிரட்டுவோர் காத்திருக்கிறார்கள். இரண்டாவது இன்னும் ஆபத்தானது. தனக்குக் கூலி குறையும்போது அதைத் தொழிலாளியின் தட்டில் இறக்குபவரும் அதே பட்டறைக்காரர்தான். அவருக்கு உரிய காலத்தில் பணம் தராத பெருவணிகரை எதிர்த்து அவருடன் நிற்கலாம், நிற்கவும் வேண்டும். அதற்கு விலையாகத் தொழிலாளியின் வருகைப்பதிவையும் சம்பளச் சீட்டையும் விட்டுக்கொடுக்க முடியாது. சீட்டே இல்லாதவர், வேலையிழந்ததை எந்த அலுவலகத்தில் எப்படி நிறுவுவார்?

இந்நிலையில்தான் 2025 நவம்பர் 21 முதல் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. மின்சாரத்தில் இயங்கும் இடத்தைத் தொழிற்சாலை எனக் கொள்வதற்கான வரம்பு, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் பத்துத் தொழிலாளர், இப்போது இருபது. நான்கு கண்ட்டிகளில் பதினாறு பேர் அமரும் பட்டறை, இனிச் சட்டத்தின் கண்ணுக்குத் தொழிற்சாலையே அன்று. சூரத்தில் அத்தகைய பட்டறைகளில்தான் அடுத்த மந்தமும் முதலில் வந்து இறங்கும்.