சுடுதண்ணியும் பச்சைப் பிள்ளையும்

தானா ராத்தா கடல் மட்டத்துக்கு 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அந்தக் குளிரில் சுடுதண்ணி இல்லாமல் நம் லயங்களில் யார் குளிப்பது? அடுப்பிலிருந்து இறக்கிய வாளி தரையில் ஆவி பறக்கும். பிள்ளையும் அங்கேதான் தத்தித் தத்தி வரும். அம்மாவுக்கோ பெரட்டுக்குப் போகிற அவசரம்.

கொட்டிவிட்டால் கிச்சாப், பற்பசை என்று ஆளுக்கொன்றைப் பூசுகிறோம். பாட்டியே சொன்னாலும் வேண்டாமுங்க! வெந்த இடத்தில் குழாய்த் தண்ணியை 20 நிமிடம் ஓடவிடுங்கள். ஐஸ் கூடாது. துணியையும் வளையலையும் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியை மட்டும் இழுக்காதீர்கள். நம் மலைக்குளிரில் பிள்ளை விறைத்துப் போகும், ஆகையால் மற்ற உடம்பைக் கம்பளியால் மூட வேண்டும். பிறகு புண்ணின் மேல் சுத்தமான துணியைப் போர்த்தி, தானா ராத்தா சுல்தானா ஹஜ்ஜா கல்சோம் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். 'சின்னக் கொப்புளம்தானே' என்று வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

போவது எப்படி? 999-ஐ அழைக்கலாம். ஆனால் வளைந்து நெளிந்த தோட்டச் சாலையில் ஆம்புலன்ஸ் ஏறி வரும்வரை தாய் என்ன செய்வாள்? இரவு பகல் ஒரு வண்டியை நிர்வாகம் ஒதுக்கி, ஓட்டுநரின் நம்பரை லயத்துச் சுவரில் எழுதி வைக்க வேண்டும். 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் தோட்டத்துக் குழந்தைக் காப்பகம் பற்றியும் பேசுகிறது. அந்த ஆயாக்கொட்டகை பெரட்டுக்கு முன்பே திறக்க வேண்டும் என்று கேட்போம்.

பிள்ளைக்கு மருந்து போடுமுன்பே, "நீ எங்கடி பார்த்துக்கிட்டிருந்தே?" என்று தாயைப் பிடித்துக்கொள்கிறார்கள். அப்பன் எங்கே இருந்தான் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. வாளியில் முதலில் பச்சைத் தண்ணியை ஊற்றி, அப்புறம் சுடுதண்ணியைக் கலக்கிற வேலையை நாளைக் காலையிலிருந்து அப்பன்மார் ஏற்கட்டுமே!