பல்லைப் பிடுங்குமுன்

மக்கள் உடம்பின் உறுப்புக்களுள் பல்லைப்போல் மதிப்பும் அலட்சியமும் ஒருங்கே பெற்றது பிறிதொன்றில்லை. முகத்துக்கு அழகு பல் என்போம். பல்லுப் போனாற் சொல்லுப் போயிற்று என்போம். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதியென முன்னோர் கூறியதை எடுத்துரைத்து மகிழ்வோம். ஆயினும், அப்பல்லில் ஒரு கரும்புள்ளி தோன்றினால், அது நம்மை இரவு முழுவதும் துயிலவிடாது வருத்தும்வரை திரும்பியும் பாரோம். கல்லூரியின் பெருமையை இவ்விழா மலரிற் பேசுவோர் பலர் உளர். ஆதலின், நாம் மாணவரின் பல்லைப்பற்றிச் சில கூற விரும்புகின்றோம்.

வெள்ளவத்தையிலிருந்து கால்வாயைக் கடந்து தெஹிவளைக்குக் காலி வீதிவழியே செல்வோர் பல் வைத்தியர்களின் பெயர்ப்பலகைகளைக் காண்பர். கொட்டாஞ்சேனையிலும் அவ்வாறே. பணம் கொடுக்க இயலாதார்க்குக் களுபோவிலையிலுள்ள கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலை உண்டு; வோட் பிளேசிலுள்ள பல் வைத்தியசாலையும் உண்டு. அங்கே சிகிச்சை இலவசம். எனவே, வைத்தியர் இல்லாமை நமது குறையன்று. நாம் அவரை நாடும் காலமே குறை. கன்னம் வீங்கி, கொடுப்பைக் கைக்குட்டையாற் பொத்திக்கொண்டு செல்கின்றோம். "வேருக்குச் சிகிச்சை செய்தால் பல்லைக் காப்பாற்றலாம், சில தடவை வரவேண்டும்" என்கிறார் வைத்தியர். "வேண்டாம் டொக்டர், பிடுங்கிவிடுங்கோ, கரைச்சல் ஒரேயடியாய்த் தீரட்டும்" என்பதே நம்மவரிற் பலரது மறுமொழி.

இவ்வாறு துணிந்து கூறும் வசதி நம் பாட்டனாரின் பாட்டனார்க்கு இருந்ததில்லை. பல் பிடுங்குதல் அந்நாளில் நோவுகளுட் பெருநோவு. அமெரிக்கப் பல் வைத்தியர் ஹொரஸ் வெல்ஸ் என்பார் 1844 ஆம் ஆண்டு டிசெம்பரில் நைத்திரசு ஒட்சைட்டு வாயுவைச் சுவாசித்துத் தம் பல்லையே பிடுங்குவித்து, நோவு தெரியாதென்று கண்டார். 1846 செப்டெம்பர் 30 இல் பொஸ்ரன் நகரில் வில்லியம் மோட்டன் என்னும் பல் வைத்தியர் ஈதர் கொடுத்து ஒருவரின் பல்லைப் பிடுங்கினார். அடுத்த மாதம் 16 ஆம் திகதி அதே ஈதரைக் கொண்டு அந்நகரின் பெரிய வைத்தியசாலையிற் சத்திரசிகிச்சை நடைபெற்றது. இன்று உலகெங்கும் நோயாளரை மயக்கிச் செய்யப்படும் பெரும் சத்திரசிகிச்சைகள் பல்லுக்குப் பட்ட கடன் சிறிதன்று. 1943 இல் சுவீடனில் உருவாக்கப்பட்ட லிக்னோகேயின் என்னும் விறைப்பு மருந்தே இன்றும் நம் ஊர்களில் ஊசிவழி ஏற்றப்படுவது. சில நிமிடங்களில் தாடை விறைத்துவிடும். வைத்தியர் பல்லை வலிந்து இழுப்பதுமில்லை. எலும்புக் குழியில் அதனைப் பிணித்திருக்கும் நார்களைத் தளர்த்தி, குறட்டாற் பற்றி மெல்ல அசைத்துக் குழியை விரித்தே எடுக்கிறார். நோயாளி உணர்வது பெரும்பாலும் அழுத்தம் ஒன்றையே.

ஆதலின், பிடுங்குதலுக்கு அஞ்சுவது இக்காலத்துக்கு ஒவ்வாது. ஆனால், நோவு நீங்கியதும் அச்சத்தோடு எச்சரிக்கையும் நம்மை விட்டு நீங்கிற்று. எளிதாய்ச் செய்யப்படுவது அற்பமானதென்று எண்ணிவிட்டோம். பாற்பல் விழுந்தால் வேறு பல் முளைக்கும். நிலைப்பல் போனாற் போனதுதான். அதன் இடம் வெறுமையாய் நிற்பதோடு அமைவதில்லை. அயற்பற்கள் அவ்விடத்தை நோக்கிச் சரியும். எதிர்வரிசைப் பல் தாங்குவாரின்றி நீளும். தாடையெலும்பு நாளடைவில் ஒடுங்கும். மெல்லுதல் ஒரு பக்கத்துக்கே உரியதாகும். ஒரு பல்லைப் பிடுங்கி நோவை முடித்தோம் என்பார், வேறு பல பற்களின் துன்பத்தைத் தொடக்கி வைத்தவராதல் கூடும்.

இத்துணைக்கும் காரணமான பற்சூத்தை ஒருநாளில் வருவதன்று. நாம் உண்ணும் சீனியை வாயிலுள்ள நுண்ணுயிர்கள் அமிலமாக்குகின்றன. அவ்வமிலம் பல்லின் மிளிரியை அரிக்கும்; அப்போது நோவு இல்லை. அரிப்பு உள்ளே சென்றபின் குளிர்ந்த நீரும் இனிப்பும் கூசும். பின்னரே உயிர்நரம்பு தாக்குண்டு பெருநோவு பிறக்கும். கிராம்பு வைத்தும் குளிசை விழுங்கியும் அதனைப் பொறுத்தால், சில நாளில் நோவு தானே அடங்குவதுமுண்டு. அதனைக் குணமென்று மகிழ்வோர் பலர். அந்நரம்பு இறந்துபட்டமையே அவ்வமைதிக்குக் காரணம். வேரின் நுனியிற் சீழ் கட்டும் காலம் அதுவே. நோவின்மையை நலமென்று மயங்குவதே பல்லைப் பொறுத்தவரை நமது முதற் பேதைமை.

எல்லாப் பற்களையும் காக்க இயலும் என்று நாம் கூறவில்லை. உடைந்து வேர்மட்டும் எஞ்சிய பல், முரசு நோயால் ஆட்டங்கண்ட பல், இடமின்றிக் குறுக்கே முளைத்து அடிக்கடி துன்புறுத்தும் ஞானப்பல் ஆகியவற்றை எடுத்தே தீரவேண்டியும் வரும். எடுத்தபின் பஞ்சை அரைமணி நேரம் கடித்திருத்தலும், அன்று வாய் கொப்புளியாமையும், புகை தவிர்த்தலும், மறுநாள் முதல் இளஞ்சூடான உப்பு நீராற் கொப்புளித்தலும், மூன்றாம் நாளளவில் நோவு மிகுந்தால் மீண்டும் வைத்தியரைக் காணலும் எவரும் அறிந்திருக்க வேண்டியவை. வறுமையையும் நாம் மறக்கவில்லை. நாட்கூலியை இழந்து பலமுறை செல்லவும், தனியார் நிலையத்தில் வேர்ச்சிகிச்சைக்குப் பணம் கொடுக்கவும் எல்லாராலும் இயலாது. அதனாலேயே காலத்தோடு பார்த்தல் வேண்டுமென்கின்றோம். சிறு குழியை ஒரே தடவையில் அடைத்துவிடலாம். முற்றிய சூத்தையே பணத்தையும் பல நாட்களையும் கேட்பது.

இவ்வுண்மையை உணர்ந்தே நியூசிலாந்து 1921 இல் பாடசாலைப் பிள்ளைகளுக்கெனப் பல் தாதியரைப் பயிற்றத் தொடங்கிற்று. கொழும்புத் திட்டத்தின்கீழ் அந்நாடு அளித்த உதவியால் நம் நாட்டிலும் மகரகமையில் அப்பயிற்சி ஏற்பட்டது. பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்கள் பல தலைமுறைப் பிள்ளைகளுக்குப் பணியாற்றி வந்துள்ளன. ஆனால் அச்சேவை பெரும்பாலும் மூன்று வயது முதல் பதின்மூன்று வயதுவரை உள்ளோர்க்கே உரியது. நிலைப்பற்கள் யாவும் ஏறக்குறைய முளைத்து முடியும் வயதில், மாணவன் அக்கண்காணிப்பிலிருந்து விடுபடுகிறான். சிற்றுண்டிச்சாலையின் சீனிப் பணிசும் மென்பானமும் தேநீரும் அவன் விருப்பப்படி கிடைக்கும் வயதும் அதுவே. பரீட்சையும் பிரத்தியேக வகுப்புகளும் அவனை நெருக்க, பல்லைப்பற்றிக் கேட்பார் ஒருவருமில்லை.

இவ்விடைவெளியை நிரப்புதல் கல்லூரிக்கும் பழைய மாணவர்க்கும் உரிய கடன் என்பது நம் கருத்து. ஆண்டுக்கு ஒருநாள் மேல்வகுப்பு மாணவர் அனைவரின் பற்களையும் பரிசோதித்தல் பெருஞ்செலவாகாது. வேண்டுவன சில நாற்காலிகளும், நல்ல வெளிச்சமும், சிறு கண்ணாடிகளும், பெயர் குறிக்க ஓர் ஏடுமே. பழைய மாணவருட் பல் வைத்தியராயிருப்போர் அந்த ஒருநாளைக் கல்லூரிக்கு ஈவாராக. குறை காணப்பட்டவனின் பெற்றோர்க்கு வகுப்பாசிரியர் எழுதி அறிவிக்கட்டும். வசதியற்றவனின் சிகிச்சைச் செலவைச் சங்கம் ஏற்கட்டும். அந்நாளில் வெற்றிலை, பாக்கு, புகையிலையின் கேட்டையும் எடுத்துரைக்கலாம். இலங்கையில் ஆண்களிடையே மிகுதியாய்க் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே என்பதைப் பாட்டன் வாயிற் குதப்பும் வெற்றிலையைக் கண்டு வளரும் பிள்ளை அறிந்திருத்தல் நன்று.

விழாக்காலத்தில் மண்டபமும் வளைவும் எழுப்ப விழைவது இயல்பே. அவற்றை நாம் வேண்டாமெனக் கூறோம். ஆனால் கற்றுணர்ந்த ஒருவன் தன் பல் நோவால் பரீட்சை மண்டபத்தில் விடை எழுத இயலாது தலைகுனிந்திருப்பானாயின், அம்மண்டபத்தின் அழகு அவனுக்கு யாது பயன் தரும்? குறட்டைக் கையிலெடுக்குமாறு வைத்தியரை வேண்டும் நிலை வருமுன், கண்ணாடியைக் கையிலெடுக்குமாறு வேண்டுவோம். இவ்வாண்டிலேயே அதனைத் தொடங்கச் சங்கத்தார் முன்வருவாராக.