டிகிரி வேண்டாமாம், வெளிநாட்டில் இங்கிலீஷ் வாத்தியார் வேலையாம்!

நம்ம மும்பை தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸப் குரூப்பில் மாசம் ஒரு தடவையாவது அந்த விளம்பரம் வந்து விழுகிறது. யாரோ யாருக்கோ அனுப்பியதை இன்னொருவர் நல்லெண்ணத்தில் நமக்குத் தள்ளிவிடுகிறார். சாராம்சம் இதுதான். இங்கிலீஷ் நன்றாகப் பேச வருமா? காலேஜ் முடிக்கவில்லையா? கவலையே வேண்டாம். 120 மணி நேர ஆன்லைன் கோர்ஸ் ஒன்றை முடித்தால் தாய்லாந்து, கம்போடியா, ஜப்பான், கொரியா என்று எங்கே வேண்டுமானாலும் போய் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கலாம். கடற்கரைப் படம் ஒன்று, சிரிக்கிற குழந்தைகள் நாலு பேர், கீழே ஒரு மொபைல் நம்பர்.

இதை நம்பி பி.காம். இரண்டாம் வருஷத்தோடு படிப்பை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். நிறுத்தினால் என்ன, நம்ம பிள்ளைக்குத்தான் இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடாச்சே என்று நினைக்கிற அப்பா அம்மாக்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் காரமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. அந்த விளம்பரம் முழுப் பொய் இல்லை. அதுதான் ஆபத்தே. டிகிரி இல்லாமல் வெளிநாட்டில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கையில் இருக்கிற பாஸ்போர்ட் வேறு, நம்ம கையில் இருக்கிற பாஸ்போர்ட் வேறு. இன்டர்நெட்டில் இந்த விஷயம் பற்றிக் கிடைக்கிற யோசனைகளில் பெரும்பாலானவை ஒரு பிரிட்டிஷ்காரரோ ஆஸ்திரேலியரோ தன் ஊர்க்காரர்களுக்காக எழுதியவை. நம்ம ஏஜென்டுகள் அதை அப்படியே எடுத்து, நம்ம ஊர் விலை போட்டு, நமக்கு விற்கிறார்கள்.

நாடு நாடாகப் பார்ப்போம்.

ஜப்பான்: பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளின் இளைஞர்களுக்கு அங்கே 'வொர்க்கிங் ஹாலிடே' என்று ஒரு விசா உண்டு. சுற்றிப் பார்த்துக்கொண்டே வேலையும் பார்க்கலாம். டிகிரி கேட்பதில்லை. அதில் போய் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவர்கள்தான் "டிகிரியே தேவையில்லைப்பா" என்று எழுதுகிறார்கள். அவர்கள் அளவில் அது உண்மை. ஜப்பானோடு அந்த ஏற்பாடு உள்ள நாடுகளில் இந்தியா இல்லை. ஜப்பான் அரசே 1987 முதல் நடத்தி வரும் ஜெட் திட்டத்தில் இங்கிலீஷ் உதவி ஆசிரியராகப் போக வேண்டுமென்றால், எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் பட்டம் வேண்டும்.

தென் கொரியா: அங்கே மொழி ஆசிரியர்களுக்கு இ-2 என்ற விசா. இங்கிலீஷுக்கு என்று அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக்காரர்களைத்தான் எடுப்பது வழக்கம். அவர்களும் பட்டம் காட்ட வேண்டும், ஆனால் எந்தப் பாடத்தில் வாங்கியதாக இருந்தாலும் சரி. இந்தியாவுக்கும் கொரியாவுக்கும் இடையே 2010 ஜனவரியில் அமலுக்கு வந்த பொருளாதார ஒப்பந்தத்தால் நமக்கும் ஒரு சின்ன வாசல் திறந்தது. எப்படித் திறந்தது தெரியுமா? பட்டமும் வேண்டும், அதற்கு மேல் ஆசிரியர் தகுதிச் சான்றும் வேண்டும். அதாவது வரலாறு படித்த கனடாக்காரருக்கு ஒரு காகிதம், நமக்கு இரண்டு. ஒரு காகிதம்கூட இல்லாதவரை எந்த ஏஜென்ட் எந்த வழியில் கொண்டு போய் உட்கார வைப்பார்?

தாய்லாந்து: பள்ளிக்கூடத்தில் முறையாகச் சொல்லிக் கொடுக்க டிகிரி வேண்டும். குருசபா என்கிற ஆசிரியர் கவுன்சிலின் உரிமமோ, தற்காலிக அனுமதியோ வேண்டும். இங்கிலீஷ் தாய்மொழி நாடுகள் என்று அவர்கள் வைத்திருக்கிற பட்டியலில் இந்தியா இல்லாததால், டோயிக் மாதிரி ஒரு தேர்வெழுதி மார்க்கும் காட்ட வேண்டும். வொர்க் பெர்மிட் இல்லாமல் வேலை பார்த்துப் பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், அதோடு நாடு கடத்தல்.

கம்போடியா: சரி, அங்கே டிகிரி இல்லாமலும் வேலை கொடுக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கேயும் வெள்ளைக்காரருக்கு ஒரு சம்பளம், பிலிப்பைன்ஸ்காரருக்கும் இந்தியருக்கும் ஒரு சம்பளம். அங்கிருந்து அடுத்த நாட்டுக்கு நகர நினைத்தால் மறுபடியும் டிகிரி எங்கே என்பார்கள். இருபது வயதில் போன பையன் முப்பது வயதிலும் அதே இடத்தில் நிற்பான். நாம் பிள்ளையை வளர்த்தது அதற்கா?

"இது அநியாயம் இல்லையா சார்?" என்று கேட்பீர்கள். அநியாயம்தான். இங்கிலீஷ் தாய்மொழியாக உள்ளவர்தான் நல்ல இங்கிலீஷ் ஆசிரியர் என்பது வெறும் பிரமை என்று ராபர்ட் பிலிப்சன் 1992-லேயே புத்தகம் போட்டு உடைத்துவிட்டார், அவரே ஓர் ஆங்கிலேயர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இங்கிலீஷ் நடத்தி, பிறகு அமெரிக்காவில் பேராசிரியரான நம்ம தமிழர் சுரேஷ் கனகராஜா 1999-இல் இதே விஷயத்தை இன்னும் ஆழமாக எழுதினார். உலகத்தில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு அது தாய்மொழியே இல்லை. ஒரு மொழியைக் கஷ்டப்பட்டுக் கற்றவருக்குத்தான் எங்கே தடுக்கும் என்று தெரியும். வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, ரயிலில் இந்தி, பள்ளியில் இங்கிலீஷ் என்று வளர்ந்த நம்ம பிள்ளைகளுக்கு அது தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

ஆனால் விசா அதிகாரி கனகராஜாவைப் படித்துவிட்டு முத்திரை குத்துவதில்லை. பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்க்கிறார். கிழக்காசியாவில் விண்ணப்பத்தோடு போட்டோ கேட்பது சகஜம், ஆளின் நிறத்தையும் பார்க்கிறார்கள். அந்தச் சந்தையில் வெள்ளைக்காரப் பையனுக்கு டிகிரி இல்லாவிட்டால் அவன் பாஸ்போர்ட் தாங்கும். நம்ம பையனுக்கு எது தாங்கும்? இதைத்தான் இந்தப் பதிவு முழுக்கச் சொல்ல வருகிறேன்: ஆட்டம் நமக்கு எதிராக இருப்பதால்தான் டிகிரி நமக்கு மற்றவர்களைவிட அதிகமாகத் தேவை. நியாயமான உலகமாக இருந்தால் நானே டிகிரி வேண்டாம் என்று எழுதியிருப்பேன்.

"டிகிரி வாங்கினவனுக்கெல்லாம் இங்கிலீஷ் வருதா?" என்பது அடுத்த கேள்வி. வராது. பாங்கில் தினமும் பார்க்கிறேன், டபுள் டிகிரி வாங்கியவர் ஒரு லெட்டர் எழுதத் திணறுகிறார். டிகிரி திறமைக்குச் சான்று என்று நான் சொல்லவே இல்லை. ரேஷன் கார்டு வைத்திருப்பவருக்குச் சமைக்கத் தெரியுமா என்று யாராவது கேட்கிறோமா? அது இருந்தால்தான் அரிசி போடுவார்கள், அவ்வளவுதான். டிகிரியும் அப்படித்தான்.

அந்த 120 மணி நேர சர்டிபிகேட்டுக்கு வருவோம். டெஃபல் என்று போட்டு யார் வேண்டுமானாலும் அச்சடித்துக் கொடுக்கலாம். உலகம் முழுக்க அதை ஒழுங்குபடுத்தும் ஒரே அமைப்பு என்று எதுவும் கிடையாது. மதிப்புள்ள சான்றிதழும் இருக்கிறது. கேம்பிரிட்ஜின் செல்ட்டா அப்படிப்பட்டது. அதுவும் சுமார் 120 மணி நேரம்தான், ஆனால் அதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்கள் முன்னால் நின்று பாடம் நடத்த வேண்டும், பயிற்சியாளர்கள் உட்கார்ந்து மதிப்பிடுவார்கள். மொபைலில் வீடியோவை ஓட்டிவிட்டு, கடைசியில் நாலு கேள்விக்கு டிக் அடித்து வாங்குகிற காகிதமும் அதுவும் ஒன்றா? சொல்லப்போனால் செல்ட்டாவே டிகிரிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது, டிகிரிக்குப் பதிலாக வைப்பது அல்ல.

இனி என் தொழில் பக்கம் பேசுகிறேன். பாங்கில் கல்விக் கடன் என்றால் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் படிப்பாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் 7.5 லட்சம் வரை சொத்து ஜாமீன் இல்லாமலே கொடுக்க ஏற்பாடு உண்டு. இந்த ஆன்லைன் சர்டிபிகேட்டும் ஏஜென்ட் பீஸும் அதில் அடங்காது. அதனால் ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? நகைக் கடன் கவுன்டருக்கு வருகிறார்கள். கடன் எதற்கு என்கிற கட்டத்தில் 'குடும்பச் செலவு' என்று எழுதுகிறார்கள். தாலிச் செயின் தவிர மற்றதெல்லாம் தராசுக்கு வந்துவிடுகிறது.

போன வருஷம் அப்படி வந்த ஓர் அண்ணாச்சியிடம் பேச்சுக் கொடுத்தேன். ஏஜென்ட் கேட்டது இரண்டரை லட்சம்.

"விசா எந்த வகைன்னு கேட்டீங்களா அண்ணாச்சி?"

"டூரிஸ்ட்ல போயிட்டு அங்க மாத்திக்கிடலாம்னு சொல்லுதாங்க சார்."

"ரசீது கொடுத்தாங்களா?"

"கேஷாத்தான் வேணும்னுட்டாங்க."

பையன் போனான். ஒரு டியூஷன் சென்டரில் மூன்று மாதம் பாதிச் சம்பளத்துக்கு வேலை பார்த்தான். பெர்மிட் வரவே இல்லை, திரும்பி வந்துவிட்டான். நகைக்கு அண்ணாச்சி இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். உயிரோடு முழுசாக வந்தானே என்று அவர் வீட்டில் திருப்பதிக்கு முடிந்து வைத்திருக்கிறார்கள்.

உயிரோடு என்று சும்மா சொல்லவில்லை. தாய்லாந்தில் வேலை என்று கூட்டிப்போய் மியான்மர் எல்லையில் சைபர் மோசடிக் கூடங்களில் அடைத்த கதை உங்களுக்குத் தெரியும். 2022-இல் மியாவாடி பக்கமிருந்து மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். 2025 மார்ச்சில் மட்டும் 549 இந்தியர்களை விமானப்படை விமானங்கள் தாய்லாந்தின் மே சோட்டிலிருந்து கொண்டு வந்தன. அவர்களைப் போன்றவர்களுக்குக் காட்டிய தூண்டில் டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங் மாதிரியான வேலைகள். அங்கே தேவைப்படுவது யார்? இங்கிலீஷ் பேசத் தெரிந்த, கம்ப்யூட்டர் தெரிந்த, வேலை இல்லாத இளைஞர்கள். தூண்டிலில் நாளைக்கு 'இங்கிலீஷ் டீச்சர்' என்று மாற்றி எழுத எத்தனை நிமிஷம் ஆகும்?

பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. 1983-ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். இமைக்ரேட் என்கிற அரசுத் தளத்தில் பதிவு பெற்றவர்களின் பட்டியல் இருக்கிறது. அப்படிப்பட்டவரும் வேலைக்குப் போகிறவரிடம் அதிகபட்சமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், ரசீது கொடுத்தே வாங்க வேண்டும். இரண்டரை லட்சம் கேட்கிறார், கேஷ் கேட்கிறார், டூரிஸ்ட் விசா என்கிறார் என்றால் அப்புறம் உங்களுக்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, குறை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி, வழி என்ன என்கிறீர்களா? காலேஜ் பிடிக்கவில்லை, பீஸ் கட்ட முடியவில்லை என்றால் இக்னோ இருக்கிறது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இக்னோவில் பி.ஏ., பி.காம். வருஷத்துக்குச் சில ஆயிரங்களில் முடிகிற விஷயம். மூன்று வருஷத்தில் முடிக்கலாம், முடியாவிட்டால் ஆறு வருஷம் வரை டைம் கொடுக்கிறார்கள். பகலில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். அந்த இரண்டரை லட்சத்தில் டிகிரி முழுக்க முடித்து, பி.எட்.டுக்கும் கொஞ்சம் மிச்சம் வைக்கலாம்.

டிகிரியும் பி.எட்.டும் இருந்தால் ஏஜென்ட் காட்டுகிற கடற்கரைப் படம் தேவையே இல்லை. வளைகுடா நாடுகளில் இருக்கிற சி.பி.எஸ்.இ. பள்ளிகள் நம்ம ஆசிரியர்களைத்தான் எடுக்கின்றன. மாலத்தீவுப் பள்ளிகளில் வருஷக்கணக்காக இந்திய ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அங்கெல்லாம் உங்கள் பிள்ளை தலை குனிந்து, பெர்மிட் இல்லாமல், போலீஸைக் கண்டால் ஒளிந்து வேலை பார்க்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஊரை விட்டு வந்த நமக்கு இங்கிலீஷ் மேல் ஒரு மயக்கம் உண்டு. பிள்ளை சரளமாகப் பேசினால் கரை சேர்ந்துவிட்டான் என்று நினைக்கிறோம். அந்த மயக்கத்தைத்தான் ஏஜென்ட் காசாக்குகிறார். இங்கிலீஷ் நல்ல சொத்துதான். ஆனால் பத்திரம் இல்லாத சொத்தை வைத்துக்கொண்டு எந்த பாங்கிலும் கடன் வாங்க முடியாது. பிள்ளைக்கு அந்தப் பத்திரத்தை முதலில் எழுதிக் கொடுங்கள். மூன்று வருஷம்தானே.

பி.கு.: அடுத்த தடவை அந்த விளம்பரம் குரூப்பில் வந்தால் இந்தப் பதிவின் சுட்டியைக் கீழே போட்டுவிடுங்கள். அனுப்பியவரைத் திட்ட வேண்டாம், அவரும் நல்லது என்று நினைத்துத்தான் அனுப்பியிருப்பார்.