மார்க் மட்டும் போதுமா?

டிகிரி முடிச்சா வேலை வீடு தேடி வரும்னு நினைக்கிறோம். பி.காம். முடிச்ச என் அக்கா நம்ம துறைமுகப் பக்கம் மூணு ஷிப்பிங் ஆபீஸுக்கு இன்டர்வியூ போனா. மார்க் ஷீட்டைச் சும்மா புரட்டிட்டு, கையில ஒரு இன்வாய்ஸைக் கொடுத்து, "இதுல என்ன தப்பு, சொல்லும்மா"ன்னாங்களாம். மூணாவது இடத்துலதான் வேலை கிடைச்சது.

ஏன் இப்படிக் கேட்கிறாங்க? கன்டெய்னர் நம்பர்ல 4 எழுத்து, 7 இலக்கம். கடைசி இலக்கம், மற்றதை வச்சுக் கணக்குப் போட்டு வர்ற சரிபார்ப்பு எண். உலகம் பூரா இதே முறை. பேப்பர்ல ஒரு எண் மாறினாலும் பெட்டி யார்டுல நின்னுடலாம், கப்பல் போயிடும். அந்த நஷ்டத்தை யார் கட்டுவா? அதனால எழுதினதைத் திரும்பப் படிக்கிற ஆளு வேணும். சந்தேகம் வந்தா வெட்கப்படாம கேட்கிற ஆளு வேணும். இங்கிலீஷும் வேணும்தான், கொழும்புக்கு நாலு வரி மெயில் எழுதுற அளவுக்கு. ஷேக்ஸ்பியர் அளவுக்கு இல்ல!

2022-ல் வந்த 'நான் முதல்வன்' திட்டத்துல கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சி கொடுக்கிறாங்க. நல்லதுதான். ஆனா அதுவரைக்கும் ஏன் காத்திருக்கணும்? வருஷா வருஷம் அதே லீவ் லெட்டரை மனப்பாடம் பண்றோம். அதுக்குப் பதிலா, "அனுப்பிய சரக்கு இன்னும் வரவில்லை, விவரம் தேவை"ன்னு ஒரு கடிதம் எழுதி, பக்கத்து பெஞ்சுக்காரர்கிட்ட கொடுத்துத் தப்பு கண்டுபிடிக்கச் சொல்லலாமே? இங்கிலீஷ் சார் இதைப் படிச்சா, அடுத்த வாரமே ஒண்ணு கொடுங்க சார்!

- ஒரு +1 வணிகவியல் மாணவி