கண்ணாடியில் ஒரு புள்ளி! மூடாத லாரிகளுக்குக் கடிவாளம் எப்போது?

மிளகு அளவுக்கு ஒரு புள்ளி. லாரியிலிருந்து தெறித்த ஜல்லி பட்டுக் காரின் முன் கண்ணாடி சில்லு பெயர்ந்த இடம். "சின்னதுதானே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று கார்க்காரர் விட்டு விடுகிறார். பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம் ஏ.சி.யைப் போடுகிறார். 'டிக்' என்று ஒரு சத்தம்! புள்ளியிலிருந்து கோடு புறப்பட்டு, ஸ்டியரிங்குக்கு நேராக ஓடி நிற்கிறது.

சென்னையிலும் சுற்று வட்டாரத்திலும் கார் ஓட்டுகிறவர்களுக்கு இது புதுக்கதை அல்ல. கால்டாக்சி டிரைவர்களைக் கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள்.

காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டத்துக் குவாரிகளிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் நகரத்துக்கு வந்தபடியே இருக்கின்றன. வண்டலூர் - வாலாஜாபாத் சாலை, ஜி.எஸ்.டி. சாலை, தாம்பரம் - மதுரவாயல் பைபாஸ், வெளிவட்டச் சாலை எல்லாம் டிப்பர் லாரிகளின் ராஜ்யம்!

வீடு கட்ட ஜல்லி வேண்டும். ஜல்லி வர லாரி வேண்டும். அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. கோபுரம் மாதிரிக் குவித்து ஏற்றி, மேலே ஒரு தார்ப்பாய்கூடப் போடாமல் பறக்கிறார்களே, அதுதான் தகராறு.

கல் வரும் வழி மூன்று

ஒன்று, மூடாத பாரத்தின் மேலிருந்து உருண்டு விழும் கல். லாரி பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும், நாலு கல் ரோட்டுக்கு வந்துவிடும்.

இரண்டு, லாரியின் பின்பக்க இரட்டைச் சக்கரங்களுக்கு நடுவே சிக்கிக் கொள்ளும் கல். குவாரியில் சிக்கிய கல் பைபாசில் வேகம் பிடித்ததும் கவண்கல் மாதிரி கிளம்பும்.

மூன்று, ரோட்டிலேயே கிடக்கும் கல். புதுசாகத் தார் போடப் போகிறோம் என்று மேல்தளத்தைச் சுரண்டி விட்டு, வாரக்கணக்கில் அப்படியே போட்டு வைக்கிறார்களே, அந்தச் சாலைகளில் கிடக்கும் ஜல்லி. முன்னால் போகும் வண்டியின் டயர் அதை எடுத்துப் பின்னால் வருகிறவர் முகத்தில் வீசுகிறது.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், ஒரே விநாடியில் 22 மீட்டர் ஓடி விடுகிறது. அந்த வேகத்தில் போய் மோதும்போது சுண்டைக்காய் அளவு கல்லும் சும்மா விடுமா?

கண்ணாடிக்குள் நடப்பது என்ன?

காரின் முன் கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி அல்ல. இரண்டு கண்ணாடித் தகடு, நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் ஏடு. மூன்றும் சேர்த்து ஒட்டியது. இப்படி ஒட்டிய கண்ணாடிதான் முன்னால் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100-வது விதி சொல்கிறது.

ஏன் தெரியுமா? பக்கத்துக் கதவுக் கண்ணாடி உடைந்தால் கல்கண்டு மாதிரி பொலபொலவென்று கொட்டிவிடும். முன் கண்ணாடி உடைந்தாலும் சில்லுகள் அந்த ஏட்டிலேயே ஒட்டிக் கொண்டு நிற்கும். டிரைவர் முகத்தில் கொட்டாது.

கல் பட்டால் பெரும்பாலும் சேதமாவது வெளித்தகடு மட்டும்தான். அந்த நேரத்தில் கவனித்தால் பிழைத்துக் கொள்ளலாம். விட்டு வைத்தால் விரிசல் வளரும்.

வளர்ப்பது யார்? நம் ஊர் வெயிலும் ஏ.சி.யும்தான்! வெளியே கத்திரி வெயிலில் கண்ணாடி காய்கிறது. உள்ளே ஏ.சி. குளிர்காற்றை அடிக்கிறது. ஒரு பக்கம் விரிய, மறு பக்கம் சுருங்க, நடுவில் மாட்டிய விரிசல் ஓட்டம் பிடிக்கிறது. காய்ந்த கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக் கழுவினாலும் இதே கதிதான். பள்ளத்தில் வண்டி குதிப்பதும், எல்லாக் கண்ணாடியையும் ஏற்றி விட்டுக் கதவைப் படாரென்று சாத்துவதும் மிச்ச வேலையை முடித்து விடும்.

நெயில் பாலீஷ் வைத்தியம் வேண்டாம்

புள்ளி விழுந்ததும் நெயில் பாலீஷ் தடவுகிறவர் உண்டு. வீட்டில் கிடக்கும் பசையை ஊற்றுகிறவர் உண்டு. கெட்டது குடி! அழுக்கோடு பசையும் உள்ளே இறங்கி இறுகிப் போனால், பிறகு முறையாக ரிப்பேர் செய்ய வருகிறவருக்கும் வழி இல்லை.

செய்ய வேண்டியது சுலபம். சில்லு விழுந்த இடத்தை ஈரமில்லாத துணியால் மெல்லத் துடைத்து, மேலே ஒரு துண்டு செல்லோ டேப் ஒட்டிவிட வேண்டும். தூசியும் தண்ணீரும் உள்ளே போகாது. டிரைவர் பார்வைக்கு நேராக இருந்தால் டேப்பால் மறைத்துக் கொண்டு ஓட்டக் கூடாது. வண்டியை நிழலில் நிறுத்தி, ஏ.சி. காற்று கண்ணாடி மேல் நேராக அடிக்காமல் திருப்பி, சீக்கிரமே கண்ணாடி வேலை தெரிந்த கடைக்குப் போக வேண்டும்.

அங்கே சில்லுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து விட்டு, ரெசின் என்ற திரவத்தைச் செலுத்துவார்கள். புற ஊதா விளக்கைக் காட்டினால் ரெசின் இறுகிக் கண்ணாடியோடு கண்ணாடியாகி விடும். அரை மணி, முக்கால் மணி வேலை. இலேசாக ஒரு தழும்பு தெரியும். ஆனால் விரிசல் நிற்கும். இதற்கு ஆகும் செலவு, புதுக் கண்ணாடி விலையில் சிறு பகுதிதான்.

எல்லாச் சில்லுக்கும் இந்த வைத்தியம் பலிக்காது. ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கும் புள்ளிக்குப் பலிக்கும். கோடு கண்ணாடியின் ஓரத்தைத் தொட்டு விட்டாலோ, உள்தகடும் உடைந்து விட்டாலோ, டிரைவர் கண்ணுக்கு நேராகப் பெரிதாக இருந்தாலோ, கண்ணாடியையே மாற்றத்தான் வேண்டும். எதிரே வரும் லாரியின் ஹெட்லைட் வெளிச்சம் அந்த விரிசலில் பட்டுச் சிதறும்போது, குறுக்கே நடக்கிற ஆள் தெரிவதில்லை. காசை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு உயிரைப் பறிகொடுப்பதா?

அவசரம் ஆபத்து

புதுக் கண்ணாடி மாட்டும்போதும் ஒரு எச்சரிக்கை தேவை. இப்போதைய கார்களில் கண்ணாடியைப் பசை போட்டுப் பாடியோடு ஒட்டுகிறார்கள். பக்கத்து சீட்டின் ஏர்பேக் விரியும்போது பல கார்களில் இந்தக் கண்ணாடிதான் அதற்கு முட்டுக் கொடுக்கிறது. வண்டி குட்டிக்கரணம் போட்டால் கூரை நசுங்காமல் தாங்குவதிலும் இதற்குப் பங்கு உண்டு.

பசை இறுகும் முன்னால் "சவாரி இருக்கு, அண்ணே, வண்டியைக் கொடுங்க" என்று அவசரப்பட்டால் இந்தப் பாதுகாப்பு எல்லாம் போச்சு! எத்தனை மணி நேரம் நிறுத்த வேண்டும் என்று கடைக்காரரைக் கேட்டு அதன்படி நிறுத்த வேண்டும். கண்ணாடி மூலையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை பொறித்திருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம்.

இன்சூரன்ஸ் கணக்கு

"இன்சூரன்ஸ்தான் இருக்கே" என்பார்கள். எந்த இன்சூரன்ஸ்? வெறும் மூன்றாம் நபர் பாலிசி எடுத்தவருக்குக் கண்ணாடிக்கு ஒரு பைசா வராது. தன் வண்டிச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்தவருக்குத்தான் வரும். வழக்கமான பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக் சாமான்களுக்குத் தேய்மானம் என்று பாதியைப் பிடித்துக் கொள்வார்கள். கண்ணாடிக்கு அந்தப் பிடித்தம் கிடையாது. இது நல்ல சேதி.

ஆனால் சின்னப் புள்ளிக்குக் கிளைம் போட ஓடக் கூடாது. ஒரு தரம் கிளைம் வாங்கினால், அடுத்த வருஷம் 'நோ கிளைம் போனஸ்' போய்விடும். அந்தச் சலுகை 20 சதவீதத்தில் தொடங்கி, கிளைம் இல்லாமல் வருஷம் ஏற ஏற 50 சதவீதம் வரை போகும். அதைக் காப்பாற்றத் தனியாகப் பணம் கட்டியவர் தப்பிக்கலாம். மற்றவர்கள் சில்லு ரிப்பேருக்குக் கைக்காசைக் கொடுப்பதே லாபம். கண்ணாடியே போனால் மட்டும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஸ்கூட்டர்க்காரருக்கு என்ன கதி?

இது கார் வைத்திருக்கிறவர்களின் கவலை மட்டும்தானா? இல்லவே இல்லை!

கார்க்காரருக்காவது முன்னால் கண்ணாடி இருக்கிறது. அதே லாரிக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிற ஆளுக்கு? ஸ்கூட்டரில் பிள்ளையை முன்னால் நிற்க வைத்துக் கொண்டு வருகிற அம்மாவுக்கு? ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி விட்டு ஓட்டுகிறவருக்கு? கார் கண்ணாடியைப் பெயர்க்கும் கல், கண்ணில் பட்டால் என்ன ஆகும்? கண்ணாடியை மாற்றலாம். கண்ணை மாற்ற முடியுமா?

கல் உருண்டு விழ, சக்கரம் அதில் ஏறி வழுக்க, பின்னாலேயே இன்னொரு லாரி வந்தால்... நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

விதி இருக்கிறது, தார்ப்பாய் எங்கே?

விதி இல்லாமலா இருக்கிறது? அளவுக்கு மேல் உயரமாகவோ பக்கவாட்டில் நீட்டியோ பாரம் ஏற்றினால் 20 ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். காற்றில் மாசு மிகுந்த நகரங்களில் கட்டுமானச் சாமான்களை மூடாத வண்டியில் கொண்டு போகவே கூடாது என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2018-லேயே உத்தரவு போட்டது. தூசிக்காகப் போட்ட உத்தரவுதான். ஆனால் தூசியை மறைக்கும் தார்ப்பாய் கல்லையும் மறைக்கும் அல்லவா?

ஹெல்மெட் போடாத ஆளைச் சந்து முனையில் மடக்கிப் பிடிக்கிறார்கள். நல்லது, பிடிக்கட்டும். ஜல்லியைக் கொட்டிக் கொண்டே போகும் டிப்பரையும் அதே கை நிறுத்த வேண்டாமா?

டிரைவரை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயம் இல்லை. "நடைக்கு இவ்வளவு" என்று கூலி பேசினால் அவர் பறக்கத்தான் செய்வார். தார்ப்பாய் கட்டும் நேரத்தில் முன்னால் நிற்கும் வண்டி கிளம்பி விடுமே என்பது அவர் கவலை. பாரத்தை மூடாத லாரி குவாரி வாசலைத் தாண்டக் கூடாது என்று அங்கேயே நிறுத்தினால், நடுரோட்டில் பாதித் தொல்லை தீர்ந்தது.

சாலைக் காண்டிராக்டர்களுக்கும் பொறுப்பு உண்டு. சுரண்டிய ரோட்டைப் பெருக்கி வைக்காதவருக்கு மாநகராட்சியும் நெடுஞ்சாலைத் துறையும் பில்லை நிறுத்திப் பார்க்கட்டும். மறுநாளே துடைப்பம் வந்துவிடும்!

அதுவரை வண்டி ஓட்டுகிறவர்கள் ஜல்லி லாரியின் வாலைப் பிடித்துக் கொண்டு போகாமல் தள்ளியே போவது புத்திசாலித்தனம். லாரி ஒரு கம்பத்தைத் தாண்டியபின் மூன்று விநாடி கழித்துத் தன் வண்டி அந்தக் கம்பத்துக்கு வரும்படி இடைவெளி விட வேண்டும். கல் கொட்டும் லாரி என்றால் இன்னும் கூட விட வேண்டும்.

ஒரு தார்ப்பாய் என்ன விலை? ஒரு கண் என்ன விலை? போலீசாரும் போக்குவரத்து அதிகாரிகளும் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். யாராவது ஒருவர் ஆஸ்பத்திரியில் கட்டோடு படுத்த பிறகு நடவடிக்கை எடுப்பதை விட, இன்று ராத்திரியே பைபாசில் நின்று நாலு லாரியை நிறுத்துவது மேல். செய்வார்களா?