இந்நாளில்: நவம்பர் 1



புனிதர் அனைவரின் பெருவிழாவாகிய இந்நாளில்தான், 1950-இல், பன்னிரண்டாம் பத்திநாதர் தேவமாதாவின் விண்ணேற்பை விசுவாச சத்தியமாக அறிவித்தார். 1956-இல் கன்னியாகுமரி தமிழகத்தோடு இணைந்ததும் இன்றே.

திருநள்ளாற்றிலுள்ள நமக்கோ 1954-ஆம் ஆண்டே முதலில் நினைவுக்கு வரும். அக்டோபர் 18-இல் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளுள் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். நவம்பர் முதல் நாள் பிரெஞ்சு நிர்வாகம் நீங்கியது. சட்டப்படியான ஒப்படைப்போ 1962 ஆகஸ்ட் 16-இல்தான். அதிலிருந்து ஆறு மாதத்துக்குள், விரும்பியவர் பிரெஞ்சுக் குடியுரிமையை எழுத்து மூலம் தெரிந்துகொள்ளலாம் என்றிருந்தது. அண்ணன் பிரெஞ்சுக் குடிமகன், தம்பி இந்தியக் குடிமகன் என்று ஒரே குடும்பம் இரண்டானது அப்பொழுதுதான். யார் செய்தது சரி என்னும் வழக்கை இன்னும் என்னிடம் கொண்டு வருவோர் உண்டு. அதற்கு நான் நடுவனல்லேன். நாளை கல்லறைத் திருநாள். பாரீசிலிருந்து வந்திருப்போரும் இங்குள்ளோரும் பாட்டனாரின் கல்லறைக்குச் சேர்ந்தே வாருங்கள்.