இறுகிய பிளக்கைத் திறக்க வலிமை மட்டும் போதாது

கேமரன் மலைக்குச் சென்று வந்த மாணவர்கள் அங்குள்ள பழைய லேண்ட்ரோவர் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். முட்டைக்கோசையும் தக்காளியையும் சுமந்துகொண்டு, தார் போடாத தோட்டப் பாதைகளில் ஏறி இறங்கும் அந்த வண்டிகளில் பல, உங்கள் பெற்றோரைவிட வயதில் மூத்தவை. அவை இன்னும் ஓடுகின்றன என்றால், யாரோ ஒருவர் அவற்றின் அடியில் படுத்து வேலை பார்க்கிறார் என்று பொருள்.

அந்த வேலைகளில் ஒன்று டிஃபரன்ஷியல் எண்ணெய் மாற்றுவது. பழைய எண்ணெயை வடித்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சேற்றிலும் மழையிலும் உழன்ற வண்டியில், எண்ணெய்த் துளையை அடைத்திருக்கும் பிளக் அசையவே அசையாது. “இதற்கு உடம்பில் பலம் வேண்டும், மூளை எதற்கு?” என்று பலர் நினைக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. இறுகிய ஒரு பிளக்கைச் சேதமில்லாமல் திறப்பது, நாம் வகுப்பில் வைக்கும் பல சோதனைகளைவிடக் கடினமான அறிவியல் சோதனை என்பதே என் கருத்து.

முதலில் டிஃபரன்ஷியல் என்றால் என்னவென்று பார்ப்போம். வண்டி வளையும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட அதிகத் தூரம் ஓட வேண்டும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் கொடுத்து, அதே நேரத்தில் இரண்டையும் சுழற்றும் பற்சக்கரக் கூட்டமே டிஃபரன்ஷியல். இது அச்சின் நடுவே உள்ள உலோகப் பெட்டிக்குள் கெட்டியான கியர் எண்ணெயில் நனைந்தபடி இயங்குகிறது.

ஓடி ஓடிச் சூடான அந்தப் பெட்டி குளிர்ந்த ஓடையில் இறங்கினால் என்ன நடக்கும்? உள்ளே இருக்கும் காற்று சட்டெனக் குளிர்கிறது. அதன் அழுத்தம் குறைகிறது. காற்றுப்போக்குக் குழாய் அடைபட்டிருந்தால், சீல்களின் இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே உறிஞ்சப்படலாம். எண்ணெய் பால் கலந்த தேநீரைப் போல வெளுத்துவிடும். அப்படிப்பட்ட எண்ணெய் பற்சக்கரங்களைக் காக்காது. உடனே மாற்றியாக வேண்டும். படிவம் 4இல் படிக்கும் வாயு விதிகள் கேள்வித்தாளில் மட்டும் இல்லை, ஓடைத் தண்ணீரிலும் இருக்கின்றன.

பெரும்பாலான டிஃபரன்ஷியல் பெட்டிகளில் இரண்டு பிளக் இருக்கும். பக்கவாட்டில் சற்று மேலே இருப்பது எண்ணெய் ஊற்ற. அடியில் இருப்பது வடிக்க. எதை முதலில் திறக்க வேண்டும்? “பழைய எண்ணெயை வெளியேற்றுவதுதானே முதல் வேலை, கீழ் பிளக்கை” என்று பல மாணவர்கள் சொல்வார்கள். அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் மேல் பிளக்கைத்தான் தளர்த்துவார். கீழ் பிளக்கைத் திறந்து எண்ணெயை எல்லாம் வடித்த பிறகு மேல் பிளக் திறக்க மறுத்தால், புதிய எண்ணெயை எப்படி ஊற்றுவது? எண்ணெய் இல்லாத வண்டியை ஓட்டவும் முடியாது. அறுவடை செய்த காய்கறி தோட்டத்திலேயே வாடும். மேல் பிளக் திறக்கவில்லை என்று முதலிலேயே தெரிந்தால், பழைய எண்ணெயோடாவது வண்டி பட்டறை வரை போய்ச் சேரும். திரும்ப முடியாத ஓர் அடியை எடுத்து வைக்கும் முன், அடுத்த அடி சாத்தியமா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். இதற்குப் பெயர்தான் அறிவியல் மனப்பான்மை.

சரி, பிளக் ஏன் இறுகுகிறது? காரணம் தெரியாமல் வைத்தியம் பார்க்க முடியாது. இரும்பு துருப்பிடிக்கும்போது உண்டாகும் துரு, கரைந்துபோன இரும்பைப்போல இரு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்ளும். மரைகளின் இடுக்கில் அதற்கு விரிய இடமில்லை. ஆகவே அது ஆப்பு அடித்ததைப்போல இறுக்கிவிடுகிறது. சில வண்டிகளில் பெட்டி அலுமினியம், பிளக் எஃகு. வெவ்வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் சேற்றுநீர் நுழைந்தால் அது ஒரு சிறிய மின்கலம் ஆகிவிடும். அலுமினியம் அரிக்கப்பட்டு, வெள்ளைப் பொடி மரைகளை அடைத்துக்கொள்ளும். கடைசியாகப் போட்டவர் அளவுக்கு மீறி முறுக்கியிருப்பதும் ஒரு காரணம்.

இப்போது வலிமையைப் பற்றிப் பேசுவோம். 25 செண்டிமீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் 200 நியூட்டன் விசை கொடுத்தால், திருப்புத்திறன் 50 நியூட்டன் மீட்டர். அதே கைப்பிடியில் குழாயைச் செருகி 75 செண்டிமீட்டர் ஆக்கினால், அதே கை 150 நியூட்டன் மீட்டர் கொடுக்கும். ஆர்க்கிமிடிஸ் காலத்திலிருந்து தெரிந்த நெம்புகோல் தத்துவம் இது. பலரும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். நீளமான குழாய் இருந்தால் எதையும் திறக்கலாம் என்று நம்புகிறார்கள்.

ஆனால் அந்த 150 நியூட்டன் மீட்டரும் பிளக்கின் தலை வழியாகத்தான் மரைக்குப் போக வேண்டும். ஸ்பேனர் தலையின் முனைகளை மட்டும் பிடித்திருந்தால், மரை தளர்வதற்குள் முனைகள் மழுங்கிவிடும். அதன் பிறகு எந்த ஸ்பேனரும் பிடிக்காது. ஆகவே முதல் ஆயுதம் கம்பித் தூரிகை. தலையைச் சுற்றியுள்ள சேற்றை நன்றாகச் சுரண்ட வேண்டும். தலையில் சதுரக் குழி உள்ள பிளக் என்றால், குழிக்குள் கெட்டியான மண்ணை முழுவதும் எடுத்தால்தான் கருவி ஆழமாக உட்காரும். அறுகோணத் தலைக்கு, 12 முனை சாக்கெட்டைவிட 6 முனை சாக்கெட் நல்லது. அது முனைகளை மட்டும் கவ்வாமல் பக்கங்களைத் தாங்கிப் பிடிக்கும்.

அடுத்து, துருவை ஊடுருவும் எண்ணெய். மெல்லிய இடுக்குகளில் தானாகவே ஏறிச் செல்லும் நுண்துளை ஏற்றத்தால் அது மரைகளுக்குள் நுழைகிறது. இதற்கு நேரம் வேண்டும். மாலையில் தெளித்துவிட்டுக் காலையில் வருபவருக்குப் பொறுமை பாதி வேலையைச் செய்துவிடும்.

அப்படியும் அசையவில்லையா? பிளக்கின் தலையில் சுத்தியலால் நேராக, அளவாகச் சில தட்டு. கணத்தாக்கு பாடம் நினைவிருக்கிறதா? உந்தம் மிகக் குறுகிய நேரத்தில் மாறினால் விசை மிகப் பெரிதாகும். நொறுங்கும் தன்மையுள்ள துரு அந்த அதிர்ச்சியில் விரிசல் விடும். உறுதியான எஃகு தாங்கிக்கொள்ளும். பிறகு, திறக்கும் திசையில் திருப்புவதற்கு முன் ஓர் இழை இறுக்கும் திசையில் அசைத்துப் பார்ப்பதும் உண்டு. துருவின் பிடி விடுபட எந்தத் திசையில் அசைந்தாலும் போதும். திறக்கும் திசை என்பது பிளக்கின் தலையை நேராகப் பார்க்கும்போது இடஞ்சுழி. வண்டிக்கு அடியில் தலைகீழாகக் கிடப்பவருக்கு இது எளிதில் குழம்பும்.

கடைசியாக வெப்பம். பள்ளி ஆய்வுக்கூடத்தில் பந்தும் வளையமும் சோதனையைச் செய்திருப்பீர்கள். உலோக வளையம் சூடானால் துளை பெரிதாகிறது. 20 மில்லிமீட்டர் துளையுள்ள அலுமினியப் பெட்டியின் வெப்பநிலை 100 பாகை உயர்ந்தால், துளை ஏறக்குறைய 0.046 மில்லிமீட்டர் விரியும். எஃகுப் பிளக் 0.024 மில்லிமீட்டர்தான் விரியும். வித்தியாசம் ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. ஆனால் மரையின் பிடி தளர அது போதுமானதாக இருக்கலாம். பெட்டியும் பிளக்கும் இரண்டுமே இரும்பு சார்ந்தவை என்றால், பெட்டியை மட்டும் விரைவாகச் சூடாக்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: எண்ணெயும் ஊடுருவும் திரவமும் இருக்கும் இடத்தில் தீ ஆபத்து உண்டு. இது பயிற்சி பெற்றவர் செய்யும் வேலை. மாணவர்கள் தனியாக முயலக் கூடாது. ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் படுக்கவும் கூடாது.

பிளக் திறந்த பிறகும் படிப்பு முடியவில்லை. பல கீழ் பிளக்குகளில் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறப் பசைபோல் நுண்ணிய இரும்புத்தூள் இருந்தால், அது பெரும்பாலும் வழக்கமான தேய்மானம். பல்லின் துண்டுகள் இருந்தால், உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. மருத்துவர் இரத்தப் பரிசோதனை பார்ப்பதைப்போல மெக்கானிக் இதைப் பார்க்கிறார். மூடும்போது, வண்டியின் கையேடு சொல்லும் முறுக்களவோடு நிறுத்திக்கொண்டால், அடுத்த முறை திறப்பவர் நம்மை வாழ்த்துவார்.

“இப்போது காற்றழுத்தத் துப்பாக்கி இருக்கிறதே, இவ்வளவு யோசனை எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். அது நல்ல கருவிதான். கணத்தாக்கைத்தான் அதுவும் பயன்படுத்துகிறது. ஆனால் சரியாக உட்காராத சாக்கெட்டோடு அதை இயக்கினால், கையால் ஒரு நிமிடத்தில் கெடுப்பதை அது ஒரு நொடியில் கெடுத்துவிடும். கருவி வேகத்தைத் தரும். முடிவை மனிதர்தான் எடுக்க வேண்டும்.

இதைச் சொல்வதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. மதிப்பெண் குறைந்தால் “பட்டறைக்குத்தான் போக வேண்டும்” என்று பிள்ளைகளை மிரட்டும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. தொழிற்கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் மாணவரைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறோம். அழுத்தம், அரிப்பு, திருப்புத்திறன், கணத்தாக்கு, வெப்ப விரிவு ஆகிய ஐந்தையும் ஒரே பிளக்கில், ஒரே காலைப்பொழுதில் கையாளும் ஒருவரை, அறிவியல் வராதவர் என்று எப்படிச் சொல்வது? அந்தச் சொற்கள் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், செயல் தெரியும். நமக்குச் சொற்கள் தெரியும், செயல் தெரியுமா?

இரண்டும் சேர வேண்டும் என்பதே என் ஆசை. எஸ்.பி.எம். தேர்வுக்குச் சூத்திரத்தை மனப்பாடம் செய்யும் மாணவர், ஒருமுறையாவது ஸ்பேனரைக் கையில் பிடித்து அதை உணர வேண்டும். பட்டறையில் வேலை பழகும் மாணவர், தன் கை செய்வதற்கு ஒரு விதி இருக்கிறது என்று அறிய வேண்டும். உங்கள் உறவிலோ அக்கம்பக்கத்திலோ மெக்கானிக் வேலை செய்யும் ஒரு மாமாவோ அண்ணனோ இருப்பார். விடுமுறையில் அவரிடம் போய், எந்தப் பிளக்கை முதலில் திறப்பீர்கள், ஏன் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை உங்கள் இயற்பியல் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அதற்குரிய இடம் அதுதான்.